மரபு நடை ஆணையமும் நூலா கிளாஹெஸியின் சவ ஊர்வலமும்

லிமெரிக் நகரத்தில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது என்பது மரபு நடை ஆணையத்தின் கொள்கை. கொள்கை என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆணையம் வகுத்த பாதையில் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் வழிகாட்டி நின்று, கையை நீட்டி, "இங்கேதான் ஒரு காலத்தில்" என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஒரு காலத்தில் மதில் இருந்த இடத்தில் இப்போது குதிரைப் பந்தயக் கடை இருக்கிறது. ஒரு காலத்தில் மடம் இருந்த இடத்தில், மடம் இருந்ததாகச் சொல்லும் பலகை இருந்தது. அதையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கோட்டை என்னவோ இருக்கிறது. ஆனால் அது வேறொரு அலுவலகத்தின் கையில் இருக்கிறது, அவர்களுக்கும் ஆணையத்துக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆகவே பயணிகளைக் கோட்டைக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, எதிரே உள்ள ஆற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்பது விதி.

வழிகாட்டி என்ற சொல்லை ஆணையம் ஒழித்துவிட்டது. 'மரபு உயிர்ப்பாளர்' என்றுதான் அடையாள அட்டையில் போட்டிருக்கும். எங்கள் தீவில் அப்படி ஒரு உயிர்ப்பாளன் இருந்தான், கோல்மன் ஹார்ட்டிகன் என்று பெயர். ஷானன் ஆறு ஒரு பக்கமும் அதன் கிளை மறுபக்கமும் சுற்றிக்கொண்டு போவதால் எங்கள் பேட்டைக்குத் தீவு என்று பெயர். அந்தத் தீவில் வீடு வீடாக ரொட்டி போட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் கோல்மன். ரொட்டிக் கம்பெனியை மூடியதும், ஐம்பத்தேழு வயதில் வேறு கதியில்லாமல் உயிர்ப்பிக்கப் போனான்.

பயிற்சியில் அவனுக்கு இரண்டு விஷயங்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று, பின்னோக்கி நடப்பது. உயிர்ப்பாளர் பயணிகளின் முகத்தைப் பார்த்தபடிதான் நடக்க வேண்டும், ஊரைப் பார்க்கக்கூடாது. மற்றது, பச்சைக் குடை. குடை உயர்ந்திருக்கும் வரை பயணி பின்தொடர்வார், குடை இறங்கினால் பயணி கலைந்துவிடுவார் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. வரலாறு பற்றிக் கையேட்டில் ஒரு பக்கம் இருந்தது. குடை பற்றி நான்கு பக்கம்.

கோல்மனின் பக்கத்து வீட்டுக்காரன் மோஸி கிளாஹெஸி செத்துப்போனபோது ஆணையத்திடம் அவன் விடுப்புக் கேட்டான். பக்கத்து வீடு என்பது உறவு முறையில் வராது என்று பதில் வந்தது. நாற்பது வருஷமாக ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவன், அந்தப் பக்கம் மோஸி இருமினால் இந்தப் பக்கம் இவனுக்குத் தூக்கம் போகும். இருந்தாலும் வராது. ஆகவே மோஸியின் சவப்பெட்டி புறப்படும் நேரத்தில் கோல்மன் நிக்கலஸ் தெருவில் குடையைத் தூக்கிப் பிடித்து, இல்லாத ஒரு மீன் சந்தையை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தான்.

திருப்பத்தில் மோஸி வந்துவிட்டான்.

எங்கள் ஊரில் சவ ஊர்வலம் எதிரே வந்தால், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி, திரும்பி நின்று, பெட்டியோடு மூன்று அடி நடக்க வேண்டும். இரக்கத்தின் அடிகள் என்பார்கள். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. போலீஸுக்குப் பயந்து ஓடுகிறவன்கூட நின்று மூன்று அடி நடந்துவிட்டுத்தான் மறுபடி ஓடுவான், போலீஸும் அதுவரை காத்திருக்கும். கோல்மனும் அப்படித்தான் திரும்பினான். வலது கை தொப்பியைக் கழற்றியது. இடது கையில் பச்சைக் குடை உயரத்தில் நின்றது.

மூன்று அடி நடந்ததும் ஒதுங்கப் பார்த்தான். தெரு குறுகல், பின்னால் தீவே திரண்டு வந்துகொண்டிருந்தது. சவ ஊர்வலத்தை எதிர்த்து நெட்டித் தள்ளிக்கொண்டு வெளியேறியவன் என்ற பெயர் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை, அந்தப் பெயரை வாங்க அவனுக்குத் தைரியமும் இல்லை. நடந்தான். குடையைப் பார்த்து இருபத்திரண்டு பயணிகளும் நடந்தார்கள். மாதா கோவிலுக்குள் போனார்கள், எல்லாரும் முழந்தாளிட்டபோது முழந்தாளிட்டார்கள். பூசை முடிந்து குடும்பத்தாருக்குக் கை கொடுக்கும் வரிசை ஆரம்பித்ததும் அதிலும் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் நிற்பவர் சொல்வதைக் கேட்டு, "உங்க துக்கத்துக்கு வருந்துறேன், உங்க துக்கத்துக்கு வருந்துறேன்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஜப்பான்காரர் ஒருவர் இடுப்பு வரை குனிந்தார். ஒஹாயோவிலிருந்து வந்த ஒருவர் மோஸியின் மனைவி நூலாவின் கையைப் பிடித்துக்கொண்டு தன் அப்பாவின் மரணத்தைப் பற்றி விரிவாகச் சொன்னார், வரிசை வாசல் வரை தேங்கி நின்றது.

கோல்மனை வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசி ஆளாகப் போய் நூலாவின் முன்னால் தலையைத் தொங்கப் போட்டு நின்றான்.

"டேய் கோல்மன், இங்க வா. இந்த மனுஷன் இருபது வருஷமா தீவை விட்டு வெளிய கால் வெச்சதில்லை. ஜப்பான்ல இவனுக்கு ஆள் இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, திருட்டுப் பய."

"நூலா, என்ன சொல்றதுன்னே தெரியல. மன்னிச்சிரு."

"ஒண்ணும் சொல்லாத. மொதல்ல குடையை மடக்கு. கோவிலுக்குள்ள குடை பிடிச்சிட்டு நிக்கறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்."

அவள் மகள் ஃபிடெல்மா, பஸ் ஓட்டுகிறவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கோல்மனுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கேவலமாக இருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் ஆற்றோரமாகவே வீடு போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் வேலை போய்விடும் என்ற முடிவோடு ஆணையத்துக்குப் போனான். இயக்குநர் கார்மக் டி லேசி எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"உக்காருங்க கோல்மன். என்னை கார்மக்னே கூப்பிடுங்க. இங்க பெரியவன் சின்னவன்லாம் கிடையாது. அந்த நாற்காலி இல்லை, அது என்னோடது."

"சார், நேத்து நடந்தது..."

"நேத்து நடந்தது சரித்திரம்! இருபத்திரண்டு பேரும் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க. ஒரு அம்மா எழுதறாங்க, ஐரோப்பா முழுக்கச் சுத்தினேன், என் கையைப் பிடிச்சுப் பேசினது இங்க மட்டும்தான்னு. இதுக்கு நமக்கு என்ன செலவு? கோவில் அவங்களோடது, பாட்டு அவங்களோடது, டீ கேக் அவங்களோடது, பொணமும் அவங்களோடது. கைக்காசு செலவில்லாத மரபு! இதைத்தான் நான் பதவிக்கு வந்த நாள்லேர்ந்து தேடிட்டு இருக்கேன்."

"அவங்க துக்கத்துல இருக்காங்க சார்."

"அதேதான்! நடிக்கலை, நெஜமாவே அழறாங்க. நடிகர்களை வெச்சு அழ வைக்கணும்னா மணிக்கு என்ன ரேட் தெரியுமா?"

"எனக்கு வெக்கமா இருக்கு சார்."

இயக்குநர் அதையும் குறித்துக்கொண்டார். "வெக்கம் நல்லது. அதுவும் நம்ம மரபுதான். அதை எங்கயாவது சேர்க்க முடியுமான்னு பாக்கலாம்."

அந்த மாதமே 'வாழும் மரபு: இறுதி மரியாதை' என்ற திட்டம் வந்தது. மூன்று அடி என்பது ஒரு சுற்றுலாப் பொருளுக்குப் போதாது என்று நிபுணர் குழு கருதியதால், இரக்கத்தின் அடிகள் கோவில் வாசல் வரை நீட்டிக்கப்பட்டன. பயணிகளுக்குக் கொடுத்துவந்த நிறமற்ற மழைக்கோட்டுக்குப் பதிலாகக் கறுப்பு மழைக்கோட்டு வந்தது. பந்தயக் கடை முன்னால் அவர்களை நிறுத்தி, எவ்வளவு அழுத்திக் கை கொடுக்க வேண்டும், "உங்க துக்கத்துக்கு வருந்துறேன்" என்பதில் எந்தச் சொல்லில் குரலை இறக்க வேண்டும் என்று பழக்கினார்கள். உள்ளூர் வானொலியில் காலையில் மரண அறிவிப்பு வாசிப்பார்கள் அல்லவா, அதைக் கேட்பதற்கென்று ஒருவர் நியமிக்கப்பட்டார். துக்கத் தொடர்பு அலுவலர் என்று பதவி. அவர் அறிவிப்பைக் கேட்டதும், செத்தவர் பெயரையும் நேரத்தையும் தீவின் எல்லா விளக்குக் கம்பங்களிலும் ஒட்டுவார், அடியில் ஆணையத்தின் பச்சைக் குடை முத்திரை இருக்கும்.

வெயில் காலத்தில் தொடர்ந்தாற்போல் பத்து நாள் தீவில் ஒருவரும் சாகவில்லை. 'தீவின் இறப்பு நிலவரம் ஏமாற்றமளிக்கிறது' என்று இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். மருத்துவத் துறை மற்ற துறைகளைக் கலந்தாலோசிக்காமல் செயல்படுவதாக அதில் குறை சொல்லியிருந்தார்.

பயணிகளும் விவரமானவர்களாகிவிட்டார்கள். மூத்த மகன் அழவில்லை, இரண்டு நட்சத்திரம். பெட்டி மூடியிருந்தது, மூன்று நட்சத்திரம். இதையெல்லாம் தொகுத்து ஆணையம் துக்க வீடுகளுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தது. பெட்டியைச் சற்று மெதுவாகத் தூக்கவும், படங்கள் கலங்கிவிடுகின்றன. முன் வரிசையில் இருப்பவர்கள் உயரமான தொப்பிகளைத் தவிர்க்கவும். உறவினர்களுக்குள் மனஸ்தாபம் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும், அதைப் பயணிகள் மிகவும் விரும்புகிறார்கள்.

பங்குச் சாமியார் ராஹிலிக்கு முதலில் சந்தோஷம்தான். "கோவில் நெறைஞ்சு இத்தனை வருஷமாச்சு கோல்மன். நற்கருணை வாங்க நின்ன வரிசையைப் பாத்து எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. பாதிப் பேர் புத்த மதம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது" என்றார்.

கோல்மன் ஒவ்வொரு சவ ஊர்வலத்திலும் வெட்கப்பட்டான். வெட்கப்பட்டு முடித்து, மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நான் இல்லாவிட்டால் வேறு யாராவது வருவான், அவன் இன்னும் மோசமாக நடத்துவான், நான் இருந்தால் இவர்களைப் பேசாமலாவது உட்கார வைக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பின்னோக்கியே நடந்து பழகியதில், தன் முதுகுப் பக்கம் பெட்டியோடு ஊர்க்காரர்கள் எத்தனை பேர் போகிறார்கள் என்பதை அவன் பார்ப்பதில்லை. கறுப்பு மழைக்கோட்டுகள்தான் தெரிந்தன, நிறையத் தெரிந்தன.

இறைச்சிக் கடை டானஹா ஒரு நாள் அவனிடம் சொன்னான். "நான் இப்பல்லாம் சாவுக்குப் போறதில்லப்பா. போன தடவை எவனோ என் மூஞ்சியைப் படம் புடிச்சுப் போட்டுட்டான். 'உள்ளூர் துக்கக்காரர், உடைந்த இதயத்துடன்'னு கீழ எழுதியிருந்துது. நான் அங்க உக்காந்து லாட்டரி நம்பர்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

கோல்மன் சிரித்துவிட்டு, அரைக் கிலோ இரத்தத் தொத்திறைச்சி வாங்கிக்கொண்டு போனான்.

இலையுதிர் காலத்தில் நூலா படுக்கையில் விழுந்தாள். சமையலறையிலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள், அடுப்புச் சூடு வேண்டும் என்று. கோல்மன் போய் உட்கார்ந்தான்.

"நான் கிளம்பப் போறேன்டா" என்றாள்.

"சும்மா இரு. அப்படியெல்லாம் பேசாத."

"டாக்டரே சொல்லிட்டான். நீ என்ன அவனை விடப் பெரிய மேதாவியா? கேளு. மோஸிக்கு உன் கூட்டம் வந்தது பரவாயில்லை. அவனுக்குக் கூட்டம் புடிக்கும், எவன் வந்தாலும் பல்லை இளிப்பான். எனக்கு வேண்டாம். என் வாயில திட்டு வாங்கினவங்க வந்து நின்னாப் போதும். என்னைத் தெரியாத ஒருத்தன் எனக்காக வருத்தப்படறேன்னு என் பொண்ணு கையைப் புடிக்கக் கூடாது."

"சரி நூலா."

"சரின்னா பத்தாது. சத்தியம் பண்ணு. அந்தக் குடை என் பின்னாடி வரக் கூடாது."

சத்தியம் செய்தான். அவள் கை சூடே இல்லாமல் இருந்தது. தன்னால் இவளுக்குச் செய்ய முடிந்த ஒரே காரியம் இதுதான், இதையாவது செய்துவிட வேண்டும் என்று அவன் மனதார நினைத்தான்.

நூலா போய்ச் சேர்ந்தாள். வானொலியில் அறிவிப்பு வந்த அரை மணி நேரத்தில் விளக்குக் கம்பங்களில் தாள் ஒட்டப்பட்டது. கோல்மன் இயக்குநரிடம் ஓடினான்.

"இந்த ஒண்ணை விட்ருங்க சார். அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."

"பாருங்க, அவங்க உணர்வை ஆணையம் மதிக்குது. ரொம்பவே மதிக்குது. ஆனா அவங்க உணர்வு அவங்களோட முடிஞ்சுபோச்சு. அவங்க மரபு மட்டும் பொதுச் சொத்து. தெருவுல போற பெட்டியை யாரு வேணா பாக்கலாம், அதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்லை."

"எனக்குப் பக்கத்து வீடு சார்."

டி லேசியின் முகம் மலர்ந்தது. "அப்படியா? இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? அப்போ நாளைக்கு நீங்கதான் நடத்தறீங்க. போற வழியில அவங்களைப் பத்தி ரெண்டு சம்பவம் சொல்லுங்க. சிரிக்கிற மாதிரி ஒண்ணு, அழற மாதிரி ஒண்ணு. அழறது கோவிலுக்குப் பக்கத்துல வரட்டும்."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லியிருந்தால் குடை வேறொருவன் கைக்குப் போயிருக்கும், கூட்டம் கோவிலுக்குப் போயிருக்கும். அதை யோசித்து, "சரி சார்" என்றான்.

மறுநாள் காலை முப்பது பேர் கறுப்பு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள். கோல்மன் குடையைத் தூக்கினான். தீவுக்குப் போகிற பாலத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், திரும்பாமல் நேரே போனான். குடையின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அப்படி, ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் நகரத்தில் இதுவரை எவரும் காட்டாத இடங்களையெல்லாம் அவன் காட்டினான். பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தைக் காட்டினான். காலிப் பாட்டில் போடும் தொட்டிகளைக் காட்டி, பச்சைக்கும் பழுப்புக்கும் இடையே நீண்ட காலமாக நிலவும் பிரிவினை பற்றிப் பேசினான். டயர் கடையின் பின்சுவரில் கையை வைத்து, "இங்கே ஒரு காலத்தில்" என்று ஆரம்பித்தான், மேலே ஒன்றும் வரவில்லை. பயணிகள் தலையாட்டினார்கள். சிலர் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அப்போது ஆற்றுக்கு அப்பால் கோவில் மணி கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே இடைவெளி விட்டு அடிக்கிற சாவு மணி.

"அதுதானா? சவ ஊர்வலம் ஆரம்பிச்சிருச்சா?" என்று நார்வேக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"இல்லைம்மா. அது சும்மா நேரம் பாக்க அடிக்கிற மணி."

"நீங்க ஏன் அழறீங்க?"

"மழை" என்றான். மழை பெய்யவில்லை.

மணி நிற்கும் வரை அவன் டயர் கடைச் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். சட்டைப் பையில் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நூலாவின் பெட்டி இந்நேரம் வாசலைத் தாண்டியிருக்கும், இந்நேரம் கல்லறைத் தோட்டம் போயிருக்கும் என்று மனதுக்குள்ளேயே கூட நடந்தான். அவள் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கவில்லையே என்று வலித்தது. ஆனாலும் மாதக்கணக்கில் முதல் தடவையாக வெட்கம் இல்லாமல் மூச்சு விட்டான்.

சாயங்காலம் இயக்குநர் அவனை வேலையை விட்டு நீக்கினார். ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, நீக்கியதை நீக்கினார். முப்பது பேரில் இருபத்தெட்டுப் பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்களாம். 'ஒன்றுமே இல்லாத சுவருக்காக வழிகாட்டி அழுதார், வாழ்நாளில் மறக்க முடியாது' என்று நார்வேயிலிருந்து வந்திருந்ததாம். டயர் கடைக்காரரோடு ஆணையம் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறது, வாரம் நான்கு நாள் அங்கே அழ முடியுமா என்று டி லேசி கேட்டார். கோல்மன் செல்போனை அணைத்துவிட்டான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். ஃபிடெல்மாதான் திறந்தாள். சமையலறையில் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். மேஜை நிறைய, துணி போட்டு மூடிய தட்டுகள் இருந்தன.

"குடை வரலை இல்ல?" என்று கேட்டான். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, அதை அவனால் மறைக்க முடியவில்லை.

"வரலை கோல்மன். ஒரு கறுப்புக் கோட்டுகூட வரலை. சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்ட."

"அது போதும் எனக்கு. நம்மாளுங்க யார் யாரு வந்தாங்க? டானஹா வந்தானா? கோவில் நெறைஞ்சிருக்குமே."

ஃபிடெல்மா தட்டுகளின் மேலிருந்த துணியைச் சரி செய்தாள்.

"சாமியார் வந்தாரு. நான் இருந்தேன். பெட்டி தூக்கற கம்பெனி ஆளுங்க நாலு பேர். அவ்வளவுதான்."

"என்ன சொல்ற?"

"கம்பத்துல தாள் ஒட்டியிருந்துதே. அதைப் பாத்துட்டு யாரும் வரலை. டானஹா போன் பண்ணினான். டூர் கூட்டம் நெறைய வரும், நம்மளுக்கு எங்க எடம் இருக்கப் போகுதுன்னு நெனைச்சேம்மான்னு அழறான். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, தெருவே சொல்லுது."

கோல்மன் மேஜையில் மூடியிருந்த தட்டுகளை எண்ணினான்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்லை" என்றாள் ஃபிடெல்மா. "நீயாவது வருவேன்னு வண்டியைக் கொஞ்ச நேரம் வாசல்லயே நிறுத்தச் சொன்னேன். டிரைவருக்கு வேற சாவு இருந்துது. அதுக்கு மேல நிக்க முடியலை."

அவள் துணியை விலக்கி, ஒரு தட்டை அவனிடம் நீட்டினாள். ஊருக்கென்று நறுக்கி அடுக்கிய ஹாம் சாண்ட்விச், ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. கோல்மன் நின்றபடியே ஒன்றை எடுத்துத் தின்றான். பிறகு இன்னொன்றை எடுத்தான். மேஜையில் மற்ற தட்டுகளும் அப்படியே நிறைந்திருந்தன. மூன்றாவதையும் எடுத்துக்கொண்டான்.